பந்தியிலே கேட்டது

இந்த வாரம் என் மனத்தைக் கசப்பாக்கியது, ஜாசினில் ஒரு கலியாணப் பந்தியிலே பக்கத்து இலைக்காரர் உதிர்த்த ஒரு வாக்கியம். டுரியான் துங்கல் பக்கம், வீட்டு வாசல் கொட்டகையிலேயே தன் கையால் ஒரு கார் கட்டிக்கொண்டிருக்கும் வாலிபனைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, ரசத்தைப் பிசைந்தபடியே அவர், "பால் வெட்டின பரம்பரைக்குத் தகரம் தட்டுற வேலையெல்லாம் எதுக்குங்கய்யா?" என்றார். பந்தியில் விவாதம் செய்வது மரியாதை அன்று என்பதால் பாயசம் வரும்வரை வாய்மூடியிருந்தேன். பத்தியில் செய்யலாம்.

அந்தப் பிள்ளை கட்டுவது லோட்டஸ் செவன் வகைக் கார். 1957இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் அதை வெளியிட்ட காலத்தில், முழுக் காருக்கு உண்டான கொள்முதல் வரி உதிரிப் பாகங்களுக்கு இல்லாதபடியால், பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கம் அங்கே பரவிற்று. 1996இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுனில் அத்தகைய காரைக் கட்டும் வித்தையைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். சதுர எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூட்டின்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்துவதுதான் அதிலே மிகுந்த சிரத்தை வேண்டும் கட்டம். அட்டையை வெட்டி அளவு பார்த்து, தகட்டைக் கூட்டோடு இறுக்கிப் பிடித்து, உட்புறமிருந்து குழாயின் இரு ஓரங்களையும் பேனாவால் கோடிட்டு, கோடுகளுக்கு நடுவே துளையிட்டு, மறுபடி கழற்றித் துளைகளின் பிசிறைச் சீவி, பசை தடவிய பிறகே ரிவெட் அடிக்க வேண்டும். உப்புக் காற்று வீசும் மலாக்காவில் எஃகும் அலுமினியமும் நேரே தொட்டுக்கொண்டால் அலுமினியம் வெள்ளை வெள்ளையாய்ப் பொரிந்து அரித்துப்போகும். குழாய்க்குச் சாயமும் இடையிலே பசையும் அதனால்தான். சாலைப் போக்குவரத்து இலாகாவில் இதைப் பதிவு செய்வது தனிப் புராணம். பிறிதொரு வாரம் பார்க்கலாம்.

இப்பத்தியை விடாமல் வாசிக்கிறவர்கள் நான் எங்கே வந்து நிற்பேன் என்று ஊகித்திருப்பார்கள். ஆம், வெட்டிய பாலைச் சீட்டாக்கும் ரப்பர்த் தோட்டத்து ஸ்டோரில்தான். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் வர்த்தக ரீதியாக ரப்பர் பயிரிட்ட இம்மாநிலத்தில், நம்மவர் சரித்திரம் எழுத உட்காருகிற ஒவ்வொருவரும் உளி, மங்கு, கண்ணீர் என்ற மூன்றோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். வெட்டிய பால் அப்புறம் என்னவாயிற்று என்று கேட்பாரில்லை.

பாலை வடிகட்டி, நீர் கலந்து, நீண்ட தொட்டியில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் விட்டுக் கலக்கி, மேலே பூக்கும் நுரையைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டு, தொட்டியின் இருபுறக் காடிகளிலும் அலுமினியத் தகடுகளை ஒவ்வொன்றாய் இறக்குவார்கள். குமிழி தங்கினால் சீட்டில் புள்ளி விழுந்து தரம் இறங்கும். தகடு நெளிந்திருந்தாலோ, உறைந்த பால் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போய், மறுநாள் உருளைக்குக் கொடுக்கும்போது மானம் போகும். செம்பு இம்மியளவு கலந்தாலும் ரப்பர் நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டுவிடுமாதலால், செம்பும் பித்தளையும் அங்கே அண்டக்கூடாது. அலுமினியத்துக்கு ஸ்டோரில் இடம் கிடைத்த காரணங்களில் அதுவும் ஒன்று. நான் சிறுவனாய்ப் பார்த்த ஸ்டோர்க்காரர் ஒருவர், கழுவிய தகட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, ஒற்றைக் கண்ணால் விளிம்போடு பார்வையை ஓட்டி, நெளிவு இருக்குமிடத்தைக் கட்டை விரலால் அழுத்திக் காட்டிவிட்டு, பலகைமேல் கிடத்தி மரச் சுத்தியால் இரண்டே தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான், தகடு நிமிர்ந்துவிடும். அந்த அபாரமான கைத்திறனைப் பாராட்டி ஒரு வரி எழுதப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

கார் கட்டும் வாலிபனும் தகட்டை அதே விதமாகத்தான் உயர்த்திப் பார்க்கிறான். அவனுடைய பாட்டனார் ஸ்டோரில் இருந்தவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவர் பால் வெட்டியவர், பிள்ளை இதைக் கற்றது தொழிற்பயிற்சிக் கூடத்தில். அதனால் என்ன? பால் வெட்டிய லயத்துக்குப் பக்கத்திலேயே தகடு நிமிர்த்திய லயமும் இருந்தது என்பதைப் பந்தி நண்பர் அறிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்கமாட்டார்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் எத்தனையோ ஸ்டோர்கள் இடிந்துபோயின. தகடுகள் பழைய சாமான்காரனிடம் எடைக்குப் போயின. ஸ்டோரில் ஜீவனம் செய்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், ஒரு தொட்டிக்கு எத்தனை தகடு, ஆசிட்டை எதனால் அளந்தார்கள், உருளையின் இடைவெளியைத் திருத்தியவர் யார் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்பிவையுங்கள்.