மேப்பில் நம்ம ஊருக்கு யார் கலர் அடிப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிங்க.

2020 மே மாதம் நினைவிருக்கிறதா?

இந்தியாவின் 733 மாவட்டங்களையும் மத்திய சுகாதார அமைச்சகம் மூன்று கலராகப் பிரித்தது. 130 மாவட்டங்கள் சிவப்பு. 284 ஆரஞ்சு. 319 பச்சை.

தமிழ்நாட்டில் அப்போது 37 மாவட்டங்கள். 12 சிவப்பு, 24 ஆரஞ்சு. பச்சை ஒன்றே ஒன்று, கிருஷ்ணகிரி. நம்ம புதுக்கோட்டையும் பக்கத்து சிவகங்கையும் ஆரஞ்சு.

பஸ் ஓடுமா, எந்தக் கடை திறக்கும் என்பதெல்லாம் அந்தக் கலரைப் பொறுத்துத்தான். அப்போ ஒரு பெரியவர் என்னிடம், "ஆரஞ்சுன்னா பாதி கொரோனாவா சார்?" என்று கேட்டார்.

சிரிப்பு வந்தாலும் நியாயமான கேள்வி. ஆரஞ்சு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கலரை மட்டும் காட்டினார்கள்.

பச்சை என்பதற்கு அப்போது இருந்த விதி: இதுவரை தொற்றே இல்லை, அல்லது கடைசி 21 நாட்களில் புதிய தொற்று இல்லை. கிருஷ்ணகிரியிலும் சில நாட்களிலேயே தொற்று உறுதியானது. பச்சை என்பது அன்றைய தேதி வரை கண்டுபிடித்த கணக்கு. ஆனால் மக்கள் அதை "இங்கே வராது" என்று படித்தார்கள்.

இதை இப்போ ஏன் சொல்கிறேன்?

இப்போது இந்த மாதிரி மேப் செய்வது ரொம்ப ஈஸி. நம்ம பகுதிக் கல்லூரிப் பிள்ளைகள் டெங்கு மேப், நாய்க்கடி மேப், ரத்தசோகை மேப் என்று ப்ராஜெக்ட் செய்கிறார்கள். நம்பர் கேட்டு என்னிடமும் வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் பெரும்பாலும் கலரை சாஃப்ட்வேர் கையில் விட்டுவிடுகிறார்கள். என் சண்டை அங்கேதான்.

இந்த மேப்புக்குத் தேவை மூன்று பொருள். மாவட்ட எல்லைகள் இருக்கும் ஃபைல், அதை ஜியோஜேசான் என்பார்கள். எந்த மாவட்டத்தில் எவ்வளவு என்ற அட்டவணை. எந்த நம்பருக்கு எந்தக் கலர் என்ற விதி. லீஃப்லெட், டி3 போன்ற இலவச மென்பொருட்கள் மூன்றையும் ஒட்டிக் கொடுத்துவிடும். கோடு எழுத இப்போ ஏஐயும் இருக்கு.

முதல் இரண்டும் எங்கிருந்தாவது கிடைக்கும். மூன்றாவதை ஒரு மனுஷன் உட்கார்ந்து யோசித்துத்தான் முடிவு செய்யணும்.

முதலில் எண்ணிக்கை விஷயம்.

ஒரு பேச்சுக்கு, சென்னையில் 100 டெங்கு, பெரம்பலூரில் 100 டெங்கு என்று வைத்துக்கொள்வோம். மேப்பில் இரண்டும் ஒரே கலர்.

2011 கணக்கெடுப்புப்படி சென்னையின் மக்கள்தொகை 46,46,732. பெரம்பலூர் 5,65,223. லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் சென்னையில் 2, பெரம்பலூரில் கிட்டத்தட்ட 18. ஒன்றுக்கு எட்டு மடங்கு வித்தியாசம். அதை ஒரே கலரில் அடித்தால் பெரம்பலூருக்குப் போக வேண்டிய கொசு மருந்து எங்கே போகும்?

எனவே கலர் அடிப்பது எப்போதும் விகிதத்துக்கு. எண்ணிக்கையைக் காட்டணும்னா வட்டம் போடுங்க, சின்ன வட்டம் பெரிய வட்டம்.

விகிதம் கணக்கிடும்போது இன்னொரு சிக்கல். 2011ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டம்தான். இப்போ 38. தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை எல்லாம் பிறகு வந்தவை. பழைய எல்லை ஃபைலை எடுத்தால் தென்காசிக்காரர் தன் ஊரைத் தொட்டால் திருநெல்வேலி என்று வரும். 2021ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போனதால், எந்த ஆண்டு மக்கள்தொகையை வைத்து வகுத்தோம் என்பதை மேப்பிலேயே எழுதிவிடுவது மரியாதை.

அடுத்தது ரொம்ப முக்கியம். எந்த நம்பரில் கலர் மாறணும்?

அங்கன்வாடியில் குழந்தையின் மேல்கையை அளக்கும் நாடாவைப் பார்த்திருப்பீங்க. அதிலும் மூன்று கலர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 11.5லிருந்து 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை.

அந்தக் குழந்தை பொன்னமராவதியில் இருந்தாலும் சரி, போபாலில் இருந்தாலும் சரி, அளவு அதேதான். அங்கன்வாடியில் இருக்கும் மற்ற குழந்தைகள் எல்லாம் இன்னும் மெலிந்திருக்கிறார்கள் என்பதற்காக 11 செ.மீ. குழந்தைக்குப் பச்சை கொடுப்பதில்லை.

மேப் மென்பொருள் அதைத்தான் கொடுக்கும்!

நாம் எதுவும் சொல்லாமல் விட்டால், அது இருப்பதிலேயே குறைந்த நம்பரை ஒரு முனையிலும், அதிகமான நம்பரை மறுமுனையிலும் வைத்து நடுவில் பங்கு போட்டுவிடும். வகுப்பில் எல்லோரும் ஃபெயில், அதில் முதல் மார்க் எடுத்தவனுக்குப் பரிசு கொடுத்த கதை.

உண்மையான கணக்கைப் பார்ப்போம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி, 15 முதல் 49 வயது பெண்களில் ரத்தசோகை இந்தியா முழுக்க 57 சதவீதம். மேற்கு வங்கம் 71.4. தமிழ்நாடு 53.4. கேரளா 36.3.

மென்பொருள் இஷ்டத்துக்கு விட்டால் மேற்கு வங்கம் கடும் சிவப்பு, கேரளா நல்ல பச்சை, தமிழ்நாடு நடுவில் ஒரு மஞ்சள். தேசிய சராசரியைவிடக் குறைவு என்பதால் நாம் மார்தட்டிக்கூடக் கொள்ளலாம்.

ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் என்ன சொல்கிறது? ஒரு சமூகத்தில் 40 சதவீதம் பேருக்கு மேல் ரத்தசோகை இருந்தால் அது கடுமையான பொதுச் சுகாதாரப் பிரச்சனை. அந்த அளவை வைத்தால் தமிழ்நாடு சிவப்பு. கேரளாவும் பச்சை இல்லை, நடுத்தரப் பிரச்சனை என்ற வகைக்குள்தான் வரும்.

நம்ம பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் தாக்குப்பிடிக்கும் சக்தி இவர்களுக்குக் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடச் சொன்னால் "கறுப்பா மலம் போகுது, வேணாம்" என்பார்கள். மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், பயமில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த நிலையில் ஒரு மேப் வந்து "தமிழ்நாடு பரவாயில்லை" என்று மஞ்சள் காட்டினால், பணம் ஒதுக்குகிறவர் கண்ணுக்கு அந்த மஞ்சள்தான் தெரியும்.

"எல்லாத்தையும் சிவப்பாக்கிட்டா வித்தியாசமே தெரியாதே டாக்டர்?" என்று ஒரு மாணவர் கேட்டார்.

சரியான கேள்வி. எங்கே முதலில் போவது என்று தெரிய ஒப்பீடும் வேண்டும்தான். அதற்கு வழி இருக்கு. 40ல் ஒரு கோடு கிழியுங்க. அதற்கு மேலே உள்ளவை எல்லாம் சிவப்புக் குடும்பம். அதற்குள் வெளிர் சிவப்பு, நடு சிவப்பு, அடர் சிவப்பு. வித்தியாசமும் தெரியும், அபாயமும் மறையாது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் பரப்பு 4,663 சதுர கி.மீ. இன்றைய சென்னை 426தான். மேப்பில் நாம் பத்து மடங்கு பெரிதாகத் தெரிவோம், ஆள் குறைவு. கண் பரப்பைத்தான் பார்க்கும், தலையை எண்ணாது.

அந்தப் பெரிய பரப்புக்குள் என்னென்ன இருக்கு? கிழக்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடற்கரை. வடமேற்கே திருச்சியை ஒட்டிய விராலிமலை. மேற்கு ஓரத்தில் நாம். மொத்தம் 13 ஒன்றியங்கள். ஒரே கலர்!

மணமேல்குடியில் காய்ச்சல் பரவினால் பொன்னமராவதியும் சிவப்பு. இங்கே பரவி அங்கெல்லாம் அமைதியாக இருந்தால், மொத்தக் கணக்கில் நாம் கரைந்து பச்சையாகிவிடுவோம். பக்கத்து சிங்கம்புணரியில் என்ன நடக்குது என்பது நமக்கு மணமேல்குடியைவிட முக்கியம். ஆனால் அது சிவகங்கை, வேற கலர். ஏடிஸ் கொசுவுக்கு கலெக்டர் ஆபீஸ் எல்லை தெரியாது.

1854ல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஒவ்வொரு சாவையும் அந்தந்த வீட்டு வாசலில் ஒரு சிறு கோடாக மேப்பில் குறித்தார். கோடுகள் பிராட் தெருவின் அடி பம்பைச் சுற்றிக் குவிந்தன. அவர் அந்தப் பகுதி முழுவதற்கும் ஒரே சிவப்பு அடித்திருந்தால் பம்ப் கண்ணில் பட்டிருக்காது.

அதற்காக இன்று வீடு வீடாகப் புள்ளி வைக்கச் சொல்லவில்லை. 2020ல் கொரோனா நோயாளி வீட்டு வாசலில் ஒட்டிய நோட்டீஸ் என்ன பாடுபடுத்தியது என்று பார்த்தோம். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமே, உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் அப்படி ஒட்டக்கூடாது என்றது. காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றைக் கிராம அளவில் காட்டினால், "மேலத்தெருவில் ஒருத்தர்" என்றாலே யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதோடு 500 பேர் உள்ள ஊரில் ஒருவருக்கு நோய் வந்தாலே லட்சத்துக்கு 200 என்று மேப் அலறும்.

மாவட்டம் ரொம்பப் பெரிசு, கிராமம் ரொம்பச் சிறிசு. என் கருத்தில் ஒன்றியம்தான் சரியான அளவு. காய்ச்சல் கணக்கு எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து வட்டாரம் வழியாகத்தான் மேலே போகிறது. மேலே போய் மாவட்டமாகக் கூட்டிய பிறகே பொதுமக்களுக்கு வருகிறது. கூட்டுவதற்கு முன்பே வாராவாரம் ஒன்றிய விகிதத்தை வெளியிட்டால் என்ன?

இதில் இன்னொரு கூத்து. சுகாதாரத் துறைக் கணக்கில் புதுக்கோட்டை வருவாய் மாவட்டம் இரண்டு சுகாதார மாவட்டங்கள்: புதுக்கோட்டை, அறந்தாங்கி. இது தெரியாமல் புதுக்கோட்டை சுகாதார மாவட்ட நம்பரை எடுத்து முழு மாவட்டத்துக்கும் கலர் அடித்தால், அறந்தாங்கி பக்கத்து நோயாளிகள் கணக்கிலேயே இருக்க மாட்டார்கள்.

பெயர்க் குழப்பம் தனிக்கதை. ஆங்கிலத்தில் புதுக்கோட்டைக்கு ஒருவர் ஒரு 'கே' போடுவார், ஒருவர் இரண்டு போடுவார். எழுத்து பொருந்தாவிட்டால் மேப்பில் மாவட்டம் வெள்ளையாக நிற்கும். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றிய அரசாணையே சில நாட்களில் வாபஸ் ஆனது. திருப்பத்தூர் என்று அடித்தால் வேலூரிலிருந்து பிரிந்த மாவட்டமும் வரும், நமக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரும் வரும். பெயரை நம்பாதீங்க. மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்றியத்துக்கும் தனி எண் இருக்கு. அதை வைத்து இணைங்க.

சரி, கணக்கே வராத ஊருக்கு என்ன கலர்?

பல மேப்களில் தகவல் இல்லை என்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் என்றால் பச்சை. அதாவது பரிசோதனையே செய்யாத ஊர்தான் மாநிலத்திலேயே ஆரோக்கியமான ஊர்! மருத்துவமனையில் பிபி பார்க்காத நோயாளியின் சீட்டில் நார்மல் என்று எழுதுவோமா? காலியாக விடுவோம். மேப்பிலும் அப்படித்தான். தகவல் இல்லாத இடம் சாம்பல். தொட்டால் "தகவல் வரவில்லை" என்று தமிழில் வரணும். இதைச் செய்யாத மேப்பை நான் ஷேர் செய்வதில்லை.

சிவப்பு-பச்சை ஜோடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறவியிலேயே இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெரும்பாலும் ஆண்கள். டிரைவர் வேலைக்கு மெடிக்கல் வரும்போதுதான் பலருக்கு முதன்முதலாகத் தெரியவே வரும். அவர்களுக்கு உங்கள் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி ஒரு பழுப்பு. ஒரே நிறத்தில் வெளிரிலிருந்து அடர்த்தியாகப் போனால் எல்லோருக்கும் புரியும். அமெரிக்கப் பேராசிரியர் சிந்தியா புரூவர் உருவாக்கிய 'கலர்புரூவர்' என்ற இலவசத் தளத்தில் இதற்கேற்ற நிறங்கள் ரெடியாகவே கிடைக்கும்.

அப்புறம், நம்ம மக்கள் பார்ப்பது செல்போனில். மவுஸை மேலே வைத்தால் விவரம் வரும் என்பதெல்லாம் இங்கே ஆகாது, விரல் தொட்டால் வரணும். மேப்பில் சென்னை மிளகு அளவு, என் கட்டைவிரலோ அதைவிடப் பெரிது. எனவே கீழே ஊர்ப்பட்டியலும் போடுங்க. எல்லை ஃபைலைச் சுருக்காமல் போட்டால் இங்கே உள்ள சிக்னலுக்கு அது திறப்பதற்குள் காய்ச்சலே விட்டுவிடும்.

கொரோனா காலத்தில் தன்னார்வலர்கள் சேர்ந்து மாவட்ட வாரியாகத் தகவல் திரட்டி, தொட்டால் விவரம் காட்டும் மேப் ஒன்றை நடத்தினார்கள், 'கோவிட்19இந்தியா' என்ற தளம். 2021 அக்டோபர் 31 வரை ஓடியது. சம்பளமில்லாத இளைஞர்கள் அதைச் செய்ய முடிந்தது என்றால், நம் பிள்ளைகளாலும் 13 ஒன்றியங்களுக்கு ஒரு காய்ச்சல் மேப் செய்ய முடியும். நம்பரை நாங்கள் வாய்வழியாகக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது, துறை வெளியிடணும். கேட்க வேண்டியது நீங்கள். அடுத்த கிராம சபையில் கொசு ஒழிப்பு பற்றிப் பேசும்போது, "நம்ம ஒன்றியத்துல இந்த மாசம் லட்சத்துக்கு எத்தனை?" என்று ஒருவராவது எழுந்து கேளுங்க.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் கேட்டால் நல்லது.