கவுனைத் தூக்கி எறிய வேண்டாம், துவைச்சுப் போடுங்க!

பட்டமளிப்பு விழா சீசன் வந்தால் போதும், கூடவே ஒரு பஞ்சாயத்தும் வந்துவிடுகிறது. 'வெள்ளைக்காரன் மாட்டிவிட்டுப் போன கறுப்பு கவுன் நமக்கு எதுக்கு?' என்று ஒரு கோஷ்டி. 'காலங்காலமா வர்ற சம்பிரதாயம், கை வைக்காதே' என்று எதிர் கோஷ்டி. அந்த கவுனை மாட்டிக்கொண்டு மூணு மணி நேரம் புழுங்கப் போகிறவனிடம் ரெண்டு கோஷ்டியும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அவன் காலனி ஆதிக்கம் பற்றியெல்லாம் பேசமாட்டான். "சார், இது ஏன் சார் இப்படி நாறுது?" என்றுதான் கேட்பான்.

கிண்டிக்காரர்களுக்கு இது பக்கத்து வீட்டுப் பிரச்னை. அண்ணா பல்கலைக்கழகம் இங்கே. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் இங்கே. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் இங்கே ஒரு வளாகம் உண்டு. 1794ல் சர்வே பள்ளியாக ஆரம்பித்த பொறியியல் கல்லூரி 1920ல் இந்தப் பக்கம் குடிவந்தது. தமிழ்நாட்டு டாக்டர், இன்ஜினியர் சான்றிதழ்களில் கணிசமானவற்றுக்கு விலாசம் கிண்டிதான். ஆகவே கவுன் விஷயத்தில் உருப்படியாக ஏதாவது நடக்க வேண்டுமானால் அது இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் 'தூக்கி எறி' கோஷ்டி. 2010 ஏப்ரலில் போபாலில் இந்திய வன மேலாண்மை நிறுவனத்தின் விழா. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மேடையிலேயே கவுனைக் கழற்றி, இது காட்டுமிராண்டித்தனமான காலனி ஆட்சி மிச்சம் என்கிற ரீதியில் பேசினார். பலத்த கைதட்டல். 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் தன் கீழ் உள்ள எய்ம்ஸ் போன்ற மருத்துவ நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. கறுப்பு அங்கியும் தொப்பியும் இடைக்கால ஐரோப்பாவில் பிறந்து பிரிட்டிஷார் வழியாக வந்தவை, அந்தந்த மாநில மரபுக்கு ஏற்ற உடையை வடிவமையுங்கள் என்று.

சரித்திரம் சரிதான். மடத்துச் சாமியார்கள் மாதிரி இருந்த அந்தக் கால ஐரோப்பிய வாத்தியார்களும் மாணவர்களும் கணப்பு இல்லாத கல் கட்டடத்தில் குளிருக்கு அடக்கமாகப் போட்ட நீள அங்கிதான் இது. மீனம்பாக்கம் வானிலைக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் பிறந்த ஊரை வைத்து ஒரு துணியை ஒதுக்குவதென்றால் பேன்ட், சட்டை, டை எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். அமைச்சர்கள் யாரும் அந்த அளவுக்குப் போவதில்லை, நல்லவேளை.

இந்த கோஷ்டி கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் முன்னறையில், தாத்தா படத்துக்குப் பக்கத்தில், கவுனும் தொப்பியும் போட்டு சான்றிதழைச் சுருட்டிப் பிடித்த ஒரு படம் மாட்டியிருக்கும். விழாவுக்குப் போக முடியாதவர்கள் ஸ்டூடியோ கவுனில் எடுத்துக்கொண்ட படமாகக்கூட இருக்கும். 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்று அரசாங்கமே தனியாகக் கல்விக் கட்டணச் சலுகை கொடுக்கும் மாநிலம் இது. அந்த அம்மா அப்பாவுக்கு அது வெள்ளைக்காரன் சட்டை இல்லை. பிள்ளை படித்துவிட்டான் என்பதற்கு அத்தாட்சி. 1952ல் கொலம்பியா பல்கலைக்கழகம் அம்பேத்கருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது எடுத்த, அங்கி போட்ட அந்தப் படம் எத்தனை சுவர்களில் இருக்கிறது? யார் மேலே துணி போடலாம், யார் போடக்கூடாது என்று ஜாதி பார்த்துச் சட்டம் பேசிய தேசத்தில், தோள்சீலைக்காகத் தெற்கே சண்டையே நடந்த மண்ணில், எல்லோர் தோளிலும் ஒரே மாதிரி விழும் ஒரு துணியைச் சுலபமாகக் கேலி செய்துவிட முடியாது.

இன்னொரு லாபமும் உண்டு. கவுன் மூடிவிடும். உள்ளே இருப்பது தி.நகரில் எடுத்த பட்டா, அண்ணனிடம் இரவல் வாங்கிய சட்டையா என்று மேடையில் தெரியாது. 'பாரம்பரிய உடை' என்று பொதுவாக அறிவித்துப் பாருங்கள், அடுத்த வருஷமே அது பட்டுப் புடவைப் போட்டியாகிவிடும்.

இப்போது 'கை வைக்காதே' கோஷ்டி. இவர்கள் காப்பாற்றும் சம்பிரதாயத்தின் லட்சணம் என்ன? பெரும்பாலும் பளபளவென்று ஒரு பாலியெஸ்டர் சாட்டின். வாடகைக்கு வந்தது. போன வாரம் வேறொரு கல்லூரியில் வேறொருத்தர் வேர்வையில் ஊறியது, மடித்து மூட்டை கட்டி அப்படியே இங்கே வந்திருக்கிறது. ஐரோப்பியச் சம்பிரதாயத்தில் பாலியெஸ்டர் எந்த நூற்றாண்டில் வந்ததாம்?

பிரச்னை கறுப்பில் இல்லை, துணியில்தான். நம்ப முடியாதவர்களுக்கு ஒரு தகவல். பாலைவனத்து பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று ஆராய்ந்து 1980ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. கறுப்பு அங்கியோ வெள்ளை அங்கியோ, உடம்புக்கு வந்து சேரும் சூட்டில் வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். கறுப்புத் துணி வாங்கும் கூடுதல் வெப்பம், தொளதொள அங்கிக்குள் காற்று ஓடுவதில் உடம்பை எட்டாமலே போய்விடுகிறது. அது வறண்ட காற்று, சென்னையில் காற்றே வேர்க்கும் என்பது வாஸ்தவம். அதனால்தான் இங்கே துணி இன்னும் முக்கியம். சாதாரண காற்று ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரம் வாங்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. வேர்வை போக இடமில்லாமல் முதுகிலேயே குடியிருக்கும். நாற்றத்துக்கும் காரணம் உண்டு. 2014ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தினர் உடற்பயிற்சி முடித்தவர்களின் சட்டைகளைச் சோதித்தார்கள். பருத்தியைவிட பாலியெஸ்டர்தான் அதிகம் நாறியது, நாற்றம் கிளப்பும் ஒருவகை பாக்டீரியா அதில்தான் செழிப்பாக வளர்ந்தது.

இதெல்லாம் மேலிடத்துக்குத் தெரியாதா? தெரியும். 2015லேயே யுஜிசி, பட்டமளிப்பு உடைகளுக்குக் கைத்தறித் துணி பயன்படுத்துங்கள் என்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. 2019ல் மறுபடி எழுதியது. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் கைத்தறி சௌகரியம் என்று காரணமும் சொன்னது. கடிதம் வரும், ஃபைலில் போகும், சுபம்.

துணி கிடைக்காது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. 1935லிருந்து கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. 1983ல் எம்.ஜி.ஆர். காலத்தில் ஆரம்பித்த இலவச வேட்டி சேலைத் திட்டத்துக்குப் பொங்கலுக்குப் பொங்கல் கோடிக்கணக்கில் துணி நெய்து கொடுக்கும் மாநிலம் இது. வேட்டி கட்டியதற்காக 2014ல் ஒரு ஹைகோர்ட் நீதிபதியை கிரிக்கெட் சங்க கிளப்பில் உள்ளே விடவில்லை என்றதும், அதே வருஷம் சட்டமே போட்ட ஊர். சில ஆயிரம் கவுனுக்கா துணி இல்லை?

காசு? பி.காம். முதல் வருஷப் பாடம் போதும். ஒரு பருத்தி கவுன் தைக்க 1,200 ரூபாய் என்று சும்மா ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். பத்து வருஷம் உழைத்து, வருஷத்துக்கு ஒரே விழா என்றால் நேர்கோட்டுத் தேய்மானத்தில் தடவைக்கு 120 ரூபாய். பல்கலைக்கழகமே கவுன்களை மொத்தமாக வாங்கி கிண்டியில் வைத்துக்கொண்டு, இணைப்புக் கல்லூரிகளுக்குத் தேதி மாற்றி மாற்றிக் கொடுத்தால் வருஷத்துக்கு மூன்று விழா, தடவைக்கு 40 ரூபாய். சலவைக் கூலி தனி. இதை வாடகையோடு ஒப்பிட்டு யார் வேண்டுமானாலும் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். 'ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைப்பதா' என்பார்கள். மாணவனுக்குத்தான் ஒரு நாள் கூத்து, பல்கலைக்கழகத்துக்கு வருஷா வருஷம் கூத்து.

டெண்டர் போடுகிறவர்கள் சாயத்தைக் கவனிக்க வேண்டும். பருத்திக்கு மலிவான கறுப்பு என்றால் சல்ஃபர் சாயம். சூடும் ஈரமும் உள்ள கிடங்கில் நாள்பட வைத்தால் அதிலிருந்து அமிலம் உண்டாகி நூல் இற்றுப்போகும். நம் கிடங்குகளின் நிலவரத்துக்கு வாட் சாயமோ ரியாக்டிவ் சாயமோ கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பராமரிப்பு ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. ஒவ்வொரு விழாவுக்குப் பிறகும் துவைக்க வேண்டும், அவ்வளவுதான். உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், நிழலில் காயப்போட்டு, இஸ்திரியும் உள்பக்கமாக. கஞ்சி போட்டு அடுக்கி வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து, விழாவுக்கு முன்னால் போட்டால் போதும். மழைக்காலத்தில் முக்கால் ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சைதான் பட்டம் வாங்கும் :-)

அளவு என்று ஒரு சமாச்சாரமும் இருக்கிறது. கவுன் கெண்டைக்கால் நடுவில் நிற்க வேண்டும். 'எல்லாருக்கும் ஒரே சைஸ்' என்று அடித்துவிட்டால் ஐந்தடிப் பெண் மேடைப் படியில் விளிம்பை மிதிப்பாள், ஆறடிப் பையனுக்கு அது ஜிப்பா. முதுகில் தொங்குகிற ஹூட் இன்னும் மோசம். அதன் முன்பக்க நாடா சட்டைப் பொத்தானில் மாட்டுவதற்கென்றே தைத்தது. புடவையிலும் சுடிதாரிலும் அங்கே பொத்தான் ஏது? அது பின்னால் சரிந்து கழுத்தை இறுக்கும். கடைசியில் சேஃப்டி பின் குத்தி, அம்மாவின் பட்டுப்புடவையில் ஓட்டை. பாதிக்கு மேல் பெண்கள் இருக்கிற வரிசையில் இன்னும் ஆண் சட்டைக்குத் தைத்த ஹூட்! ஹூடை கவுனோடு சேர்த்துப் பிடிக்க தோளில் ரெண்டு பிரஸ் பட்டன் வைத்தால் தீர்ந்தது. எந்தத் தையல்காரரிடம் கேட்டாலும் அஞ்சு நிமிஷ வேலை என்பார்.

அதுவரைக்கும் இந்த வருஷம் பட்டம் வாங்கப் போகிறவர்களுக்கு: கவுனை முந்தின நாளே கேட்டு வாங்கி ராத்திரி முழுக்க ஃபேனுக்கு நேரே தொங்கவிடுங்கள். பாலியெஸ்டராக இருந்தால் இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் பளபளவென்று தடம் விழுந்து டெபாசிட் போய்விடும். உள்ளே பருத்திச் சட்டை, பருத்தி ஜாக்கெட். பெண்கள் ஜாக்கெட்டின் முன்பக்கக் கழுத்துக்குக் கீழே ஒரு சின்னப் பொத்தான் தைத்துக்கொண்டு போனால் ஹூட் நாடாவை அதிலேயே மாட்டிவிடலாம்.