நன்னெறிப் பாடவேளையைக் கடன் கொடுக்காதீர்கள்

அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கால அட்டவணையில் முதலில் காணாமல் போவது நன்னெறிப் பாடவேளைதான். “போர்ஷன் முடியல சார், இன்னிக்கு ஒரு பீரியடு குடுங்க” என்று கணக்கு ஆசிரியர் கேட்பார். நாமும் கொடுத்துவிடுவோம். மதிப்பெண் இல்லாத பாடம்; நடத்தாவிட்டாலும் பெற்றோர் யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

ஆணைகளுக்குப் பஞ்சமில்லை. வாரம் ஒன்றிரண்டு பாடவேளையை இதற்கென ஒதுக்கச் சொன்னது 1964–66 கோத்தாரி ஆணையம். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறத்துப்பால், பொருட்பாலின் 108 அதிகாரங்களையும் கற்பிக்கச் சொன்னது 2016இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையும் அறநெறி வகுப்பை வலியுறுத்துகிறது.

‘இதற்கு நேரம் ஒதுக்கினால் படிப்பு கெடும்’ என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. சமூக, உணர்வுசார் திறன்களைக் கற்பிக்கும் 213 பள்ளித் திட்டங்களை ஜோசப் டர்லாக் குழுவினர் 2011இல் தொகுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் பங்கேற்ற மாணவர்கள் மொத்தம் 2,70,034 பேர். அவர்களிடம் நடத்தை மேம்பட்டதோடு, கல்வி அடைவும் 11 சதமானப் புள்ளி அளவுக்கு உயர்ந்திருந்தது. வெளியாட்கள் வராமல் வகுப்பாசிரியர்களே நடத்திய திட்டங்களும் நல்ல பலன் தந்தன. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். கேலியும் சண்டையும் குறைந்த வகுப்பில் அதட்டி அடக்கும் நேரம் மிச்சமாகிறது. பக்கத்துப் பையன் சிரிப்பானோ என்ற பயமில்லாத பிள்ளை சந்தேகம் கேட்கிறது.

ஆனால், எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது. ஹார்ட்ஷோர்ன், மே என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்து, 1928 முதல் 1930 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார்கள். ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோரிடத்தில் காப்பியடித்தது. அறக்கருத்துகள் தெரிந்திருப்பதற்கும் அதன்படி நடப்பதற்கும் இருந்த தொடர்பு மெலிந்தே இருந்தது. குறளை மனப்பாடமாக ஒப்பித்ததும் கடமை முடிந்ததாக நினைக்கும் நமக்கும் இது பொருந்தும்.

பிள்ளைகள் முடிவெடுத்துப் பழக வேண்டும். அதற்கான கதைகளை வெளியே தேட வேண்டாம். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் லீடர், தன் நண்பன் பெயரை மட்டும் விட்டுவிடுகிறான். செய்தது சரியா? எழுதியிருந்தால் நட்பு என்னாகும்? பெயர் எழுதப்பட்டவன் என்ன நினைப்பான்? ஏழாம் வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு நாம் பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். “எழுதலேன்னா மத்தவங்க எப்படி நம்புவாங்க?” என்பது ஒரு மூலையிலிருந்தும், “பெயர் எழுதுற வழக்கமே எதுக்கு?” என்பது இன்னொரு மூலையிலிருந்தும் வரும். இரண்டாவது கேள்வி நமக்கானது. அதற்கு வகுப்பிலேயே பதில் சொல்லக் கூச்சப்படக் கூடாது.

பள்ளியின் நடைமுறைகளும் பாடம் நடத்திக்கொண்டேதான் இருக்கின்றன. சமத்துவம் பற்றிப் பேசி முடித்த அடுத்த மணியிலேயே, உதவித்தொகைப் படிவத்துக்காகச் சாதிப் பிரிவைச் சொல்லிப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னால், அவர்கள் மனத்தில் தங்குவது இரண்டாவது பாடம்தான். அந்த விவரத்தைத் தலைமையாசிரியர் அறையில் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம். வகுப்பில் அகர வரிசையில் அமரவைக்கும்படி சந்துரு குழு சொல்வதும் பிள்ளைகளைச் சாதிவாரியாகப் பிரிக்கக் கூடாது என்பதால்தான். பிரம்பை எடுத்துக்கொண்டு பொறுமை பற்றிப் பேச முடியாது. அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே தடுக்கிறது. இன்னொரு எல்லையும் உண்டு. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆவது உறுப்பு. அறம் பேச எந்தச் சமயத்தின் துணையும் கட்டாயமில்லை.

வரும் பருவத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். நன்னெறிப் பாடவேளையை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கேட்பவர் நீங்களாகவும் இருக்காதீர்கள். வாரம் ஒரு சிக்கலை வகுப்பிலிருந்தே எடுத்து, பெயர் சொல்லாமல் விவாதத்துக்கு வையுங்கள். பிள்ளைகள் கேட்டு நமக்குப் பதில் இல்லாமல் போன கேள்விகளை மாதம் ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில் வைத்து, பள்ளி நடைமுறையில் எதை மாற்றலாம் என்று முடிவு செய்யுங்கள். இதற்குத் தனி நிதியோ புதிய ஆணையோ தேவையில்லை.