சுவர்த்தாளின் மேல் சாயம்: சிக்கனமா, சோம்பலா?



தீபாவளி நெருங்கினால் பாகான் டாலாமில் வீட்டுக்கு வீடு சாய வாளியும் உருளைத் தூரிகையும் நடமாடத் தொடங்கிவிடும். நல்ல வழக்கம்தான், அதைக் குறைகூற வரவில்லை. அதனோடு ஒட்டிக்கொண்ட ஒரு கெட்ட வழக்கத்தையே கண்டிக்க வருகிறேன். முன்பு ஆசை ஆசையாய் ஒட்டிய சுவர்த்தாள் நிறம் மங்கி, ஓரம் பிரியத் தொடங்கியதும், அதை உரித்தெடுக்காமல் அதன் மேலேயே சாயம் பூசிவிடுகிறார்கள். "இரண்டு நாள் வேலை அரை நாளில் முடிந்தது" என்று பெருமை வேறு!

என்ன முடிந்தது? இன்று வீடுகளில் பூசப்படுவது பெரும்பாலும் நீர் கலந்த சாயம். அது காகிதத் தாளில் பட்டதும், அந்த ஈரம் தாளின் பின்னுள்ள பசையை இளக்குகிறது. தாள் கொப்புளம் கொப்புளமாய் உப்புகிறது. இரு தாள்கள் சேரும் கோடுகள், சாயம் காய்ந்த பிறகு முன்னைவிடத் தெளிவாகத் தெரிகின்றன. வினைல் தாளாக இருந்தால் சாயம் சரியாகப் பிடிப்பதே இல்லை. பிள்ளைகள் நகத்தால் சுரண்டினால் தோலாய் உரிந்து வரும். செங்கல் வடிவில் விற்கிறார்களே, அந்த நுரைத்தாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈரச் சுவரில் அதன் பின்பசை ஏற்கெனவே பாதி விட்டுப் போயிருக்கும். மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் அடியில் பிடிப்பு ஏது? (அந்த நுரை தீப்பற்றி எரியக்கூடியது. சாமி மேடைக்குப் பின்னே அதை ஒட்டி, முன்னே விளக்கேற்றி வைக்கும் வீடுகளைக் கண்டு நெஞ்சு பதறியிருக்கிறேன்.)

இவையெல்லாம் அழகுக் கேடு. பணத்தோடு போகும். எனக்குக் கவலை தருவது வேறு.

பினாங்கில் ஆண்டின் கனமழை பொழிவது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். தீபாவளி வருவது அக்டோபரிலோ நவம்பரிலோ. ஆகவே சுவர் மிகுந்த ஈரத்தோடு நிற்கும் வேளையாகப் பார்த்துத்தான் நாம் அதை மூடுகிறோம். முதலில் ஒரு தாள், அதன் மேல் ஒரு சாயப் படலம். உள்ளே சிக்கிய ஈரம் எங்கே போகும்? பூஞ்சைக்கு வேண்டியவை ஈரமும் உணவும். காகிதமும் பசையும் அதற்கு விருந்துச் சாப்பாடு. வெளியே பளபளக்கும் சுவரின் பின்னே கருந்திட்டுகள் படர்ந்துகொண்டிருக்கும். அதை ஒட்டியே பிள்ளையின் கட்டில் கிடக்கும். ஈரமும் பூஞ்சையும் உள்ள கட்டடங்களில் வசிப்போருக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் வரும் வாய்ப்பு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே வழிகாட்டி நூல் வெளியிட்டு எச்சரித்துள்ளது. விடிந்தால் அடுக்கடுக்காய்த் தும்மும் மாணவனைக் கண்டதும் "குளிர்பானம் குடித்தாயா?" என்று கேட்கிறோம். அவன் படுக்கும் அறையின் சுவரைப் பற்றி யார் கேட்கிறோம்?

"காணொலியில் வெள்ளைக்காரரே மேலேதானே பூசுகிறார்" என்பார் சிலர். அவருடைய வீடு எதனால் ஆனது என்று பார்த்தீர்களா? அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. அதன் மேற்பரப்பே காகிதம். சுவர்த்தாளை உரித்தால் பலகையின் தோலும் கிழிந்து வரலாம். அதனால் அவர்கள் வேறு வழியின்றி, எண்ணெய்க் கலவை அடிப்பூச்சுப் பூசி, அதன் மேல் சாயம் அடிக்கிறார்கள். நம் வரிசை வீடுகளும் அடுக்குமாடிகளும் செங்கல், சிமெண்டுச் சுவர்கள். தண்ணீர் தெளித்து உரிப்பதால் அவற்றுக்கு எந்தச் சேதமும் இல்லை. நோய் அவர்களுக்கு, மருந்து நமக்கா? ஜிப்சம் தடுப்புச் சுவர் உள்ள வீட்டார், தாள் இறுகப் பிடித்து உலர்ந்திருந்தால் மட்டும் அவ்வாறு செய்யட்டும், மறுக்கவில்லை.

நம் ஊர்ப் பழஞ்சுவர்களைப் பாருங்கள். தீவுப் பக்கம் லெய்த் சாலையில் நிற்கும் சியோங் ஃபாட் சே மாளிகையின் நீலம், சுண்ணாம்புக் கரைசலில் அவுரி கலந்த பூச்சு. சுண்ணாம்பு, சுவரின் ஈரத்தை வெளியே விடும். மாளிகையைப் புதுப்பித்தவர்களும் அம்முறையையே கைக்கொண்டார்கள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பாரம்பரிய விருது அதற்குக் கிடைத்தது. சுவர் மூச்சுவிட வேண்டும் என்பது அன்றைய கொத்தனாருக்குத் தெரிந்திருந்தது.

ஆசிரிய நண்பர்கள் சிரிக்க வேண்டாம். வகுப்பறை அழகுப் போட்டி என்றதும் வாசிப்பு மூலை முழுவதும் ஒட்டுத்தாள் ஒட்டுவது நாம்தான். அடுத்த ஆண்டு வகுப்பை ஏற்பவர் அதன் மேல் சாயம் பூசுகிறார். அதற்கடுத்தவர் மீண்டும் தாள் ஒட்டுகிறார். ஒழுகும் கூரையடிச் சுவரில்கூட இது நடக்கிறது. செலவு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துடையது, காற்று பிள்ளைகளுடையது.

உரிப்பது மலையைப் புரட்டும் வேலையன்று. வினைல் தாளானால் மேல்தோலை முதலில் இழுத்தெடுங்கள். எஞ்சிய காகிதத்தில், பாத்திரம் கழுவும் திரவம் சிறிது கலந்த வெதுவெதுப்பான நீரைத் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, அகன்ற சுரண்டியால் எடுங்கள். பசையைத் துடைத்துக் கழுவாமல் விட்டால் புதுச் சாயம் வெடிக்கும். பூஞ்சை தென்பட்டால் முகக்கவசம் அணிந்து சுத்தம் செய்யுங்கள். பிள்ளைகளை அவ்வறையில் விடாதீர்கள். சலவை வெளுப்பானையும் வினிகரையும் ஒருபோதும் கலக்கக்கூடாது; நச்சுவாயு எழும். பிறகு மின்விசிறி போட்டுப் பல நாள் காயவிடுங்கள். கசிவு இருந்தால் குழாயையோ கூரையையோ முதலில் சரிசெய்யுங்கள். "மேலேயே அடித்துவிடலாம், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லும் குத்தகையாளர், உப்பிய சுவரைப் பார்க்க மீண்டும் வரப்போவதில்லை.

தீபாவளிக்குள் சுவர் காயவில்லையா? வெறும் சுவரோடே முறுக்குச் சுடுங்கள். விருந்தினர் யாரும் திரும்பிப் போய்விட மாட்டார்கள். பினாங்கில் மழை மிகக் குறைவது ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். பொங்கலை ஒட்டி வெள்ளையடிப்பது நம் முன்னோர் வழக்கமும்கூட. அந்தக் காய்ந்த நாள்களில் தூரிகையை எடுங்கள்.