படபடப்புக்கு மருந்தா குவார்ட்டர்?

வீட்டுப்பாடம் எழுதாததற்கு நீங்கள் சொன்ன சாக்கெல்லாம் கேட்டவன் நான். 'படபடப்பு அடங்கத்தான் சார் குடிக்கிறேன்' என்பது அதைவிட மட்டமான சாக்கு. பலருக்குப் படபடப்பைக் கொடுப்பதே குடிதான். மது மூளையைச் சில மணி நேரம் மந்தமாக்கும். அதை ஈடுகட்ட மூளை முறுக்கேறும். போதை இறங்கியதும் முறுக்கு மட்டும் மிஞ்சும். விடிகாலையில் நெஞ்சு அடித்துக்கொள்வது, கை நடுக்கம், செத்துவிடுவோமோ என்ற திகில் எல்லாம் அதனால்தான். நம் ஊர் செராமிக் சூளையில் வியர்த்து வற்றி வருகிறவர்களுக்கு இன்னும் மோசம். இருக்கிற நீரையும் மது வெளியேற்றிவிடும். அதை அடக்க மறுபடி ஒரு குவார்ட்டர்! 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது, கேட்கவா வேண்டும்? தினமும் குடிப்பவர்கள் வீராப்பாகச் சட்டென நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம். மருத்துவரைப் பார்த்து நிறுத்துங்கள். நேரில் போக வெட்கமா? டெலி மானஸ் 14416-க்குப் போன் போடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.