காகிதக் கப்பலும் காரியவாதிகளும்

உலகத்துப் பொருள்களையெல்லாம் இரண்டே ஜாதியாகப் பிரித்துவிடுகிற மனிதர்கள் இருக்கிறார்கள். ஒன்று அசல், மற்றது பொம்மை. அசலுக்குக் கூடத்தில் மரியாதை. பொம்மைக்குக் குழந்தைகளின் மூலை. தங்களைக் காரியவாதிகள் என்று இவர்களே அழைத்துக்கொள்கிறார்கள். அழைத்துக்கொள்ளட்டும். ஆனால் காரியம் எது, அகாரியம் எது என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல வந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

மாலை வேளைகளில் காகிதத்தை வெட்டி ஒட்டி, மூன்று அங்குல நீளத்தில் ஓர் ஆகாயக் கப்பல் செய்தேன். 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க டெலிவிஷன் தொடரில் வரும் 'எண்டர்பிரைஸ்' அது. கதைப்படி அதன் நீளம் 947 அடி. என்னுடையது ஏறத்தாழ 3,800-ல் ஒரு பங்கு. இதைப் பார்த்த காரியவாதிகள் மூன்று குற்றங்கள் சாட்டினார்கள்: இது அசல் அல்ல, இது வெறும் காகிதம், இந்த வயசில் இது வீண் வேலை. ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

அசல் அல்லவாம். எது ஐயா அசல்? 1966 செப்டம்பரில் அந்தத் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மாட் ஜெஃப்ரீஸ் என்ற கலைஞர் அந்தக் கப்பலுக்கு உருவம் தந்தார். காமிராவின் முன் நின்றதோ மரமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த 11 அடிப் பொம்மை! அதற்குள் எரிந்த விளக்குகளுக்கு மின்சாரக் கம்பிகள் இடப்பக்கமாக நுழைந்தன; ஆகவே அந்தப் பக்கத்தை முழுமையாக ஜோடிக்காமலே விட்டுவிட்டு, வலப்பக்கத்தை மட்டும் படம் பிடித்தார்கள். அசலுக்கு ஒரு முகந்தான். என் காகிதக் கப்பலுக்கு இரண்டு முகமும் உண்டு.

அந்த ஒற்றை முகப் பொம்மையை 1974-ல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் நிறுவனம் தன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்காக ஏற்றுக்கொண்டது. 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானமும், 1969-ல் சந்திரனைச் சுற்றிவிட்டுத் திரும்பிய அப்பல்லோ 11-ன் கூண்டும் அதே அருங்காட்சியகத்தின் பொக்கிஷங்கள். அங்குள்ள அறிஞர்களுக்கு அசல் எது, பொம்மை எது என்று தெரியாதா? தெரியும். அது அவர்கள் கைகளைத் தடுக்கவில்லை.

உலோகத்தில் செய்த எண்டர்பிரைஸ் ஒன்றும் உண்டு. 1976-ல் அமெரிக்கா தன் முதல் விண்வெளி ஓடத்துக்கு, ரசிகர்கள் ஜனாதிபதிக்கு எழுதிக் குவித்த கடிதங்களின் விளைவாக, இந்தக் கதைக் கப்பலின் பெயரையே சூட்டியது. 1977-ல் அதை ஒரு பெரிய விமானத்தின் முதுகில் ஏற்றிச் சென்று, நடுவானில் விடுவித்து, தரையிறங்கும் பரீட்சை நடத்தினார்கள். ஒரு தடவைகூட அது விண்வெளிக்குப் போனதில்லை. காரியவாதிகளின் கணக்குப்படி அசல் என்று சொல்லத்தக்க அந்த எண்டர்பிரைஸ் இந்தப் பூமியின் காற்றைத் தாண்டவில்லை!

அடுத்து, வெறும் காகிதமாம். ஒரு தாளை எடுத்துச் சுருட்டுங்கள், குழாயாகும். வட்டமாக வெட்டி, அதில் ஆப்புப் போல ஒரு துண்டை நீக்கி, விளிம்புகளைச் சேருங்கள், கூம்பாகும். ஆனால் அதைக் கசக்காமல், கிழிக்காமல் ஒரு பந்தாக்குங்கள் பார்ப்போம்! முடியாது. ஏன் முடியாது என்பதை ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-ல் நிரூபித்தார். வெறும் காகிதம் அத்தனை பிடிவாதமுள்ள வஸ்து. எண்டர்பிரைஸின் தட்டு போன்ற முன்பாகம் எனக்கு இரண்டு ஆழமற்ற கூம்புகள். எஞ்சின்கள், பின்னல் ஊசியில் சுற்றி எடுத்த இரண்டு குழாய்கள். இந்த அளவில் தாளின் கனமே சத்துரு. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள தாள், கப்பலின் கணக்கில் ஓர் அடிக்கு மேற்பட்ட சுவர்! ஒட்டுவதற்கு மடிப்பு விட்டால் விகாரமாகிவிடும். விளிம்போடு விளிம்பைச் சாமணத்தால் பிடித்து, ஊசிமுனையில் கோந்து தொட்டு வைக்க வேண்டும்.

இந்தக் கலை நான் கண்டுபிடித்ததும் அல்ல. 1940-களில் இங்கிலாந்தில் 'மைக்ரோமாடல்ஸ்' என்ற பெயரில் தபால் கார்டு அளவு அட்டைகளில் ரயில் எஞ்சின்களையும் கோபுரங்களையும் அச்சிட்டு விற்றார்கள். போலந்தில் 1957-ல் இதற்கென்றே ஒரு பத்திரிகை பிறந்தது. காசு அதிகமில்லாதவனும் ஒரு கப்பலுக்குச் சொந்தக்காரனாகலாம் என்பதே காகிதத்தின் தர்மம்.

கடைசிக் குற்றம், வீண் வேலை. "ஏன் சார், கடையில் இதைவிட அழகாகக் கிடைக்குமே!" என்று ஒருவர் அனுதாபப்பட்டார். கிடைக்கும். வாங்கியவனுக்குக் கப்பல் கிடைக்கும். செய்தவனுக்குக் கப்பல் தெரியும். அந்த மெல்லிய கழுத்து இத்தனை பெரிய தட்டை எப்படித் தாங்குகிறது என்பது விரல்களுக்குத் தெரிந்த பிறகுதான், ஜெஃப்ரீஸ் என்ன துணிச்சலோடு அதை வரைந்தார் என்று மனசுக்கு விளங்குகிறது.

இத்தனை கோபம் ஒரு மூன்று அங்குலக் காகிதத்துக்காகவா என்று கேட்பீர்கள். இல்லை. நானும் காகிதத்தை நம்பிப் பிழைக்கிறவன். பிறக்காத மனிதர்களைத் தாளில் நடமாடவிடுவது என் தொழில். அவர்களுக்காக நடுநிசி வரை விழித்திருந்து கண்ணைத் துடைத்துக்கொள்வது உங்கள் வழக்கம். போகாத கப்பலைப் பரிகசிக்கிற அதே வாய், நாளைக்கு "எல்லாம் வெறும் கதைதானே" என்று உங்கள் கையிலுள்ள புத்தகத்தையும் பிடுங்க வரும். அதற்கு முன்பே வீட்டிலுள்ள பையனிடமிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கியிருக்கும். "உருப்படியாக ஏதாவது செய்" என்று அவனை அதட்டுகிறார்களே, உரு என்பதே கையால் படிய வேண்டியது என்று அவர்களுக்கு யார் சொல்வது? நீங்கள்தான் சொல்ல வேண்டும். கதை படிக்கிறவர்களுக்கு அந்தக் கடமை உண்டு.