பழி செடிக்கோ?

என் பேர்த்தி கண்ணாடித் தொட்டியொன்றில் ஜீப்ரா மீன்களை வளர்த்து வருகின்றாள். ஊர்க்குளத்தினின்று கொணர்ந்த, பாசி போன்ற செடியொன்றும் அதில் மிதந்தது. மீன்முட்டைகள் பொரித்த மறுநாள், அச்செடியின் சிறு பையொன்றில் வால் அகப்பட்டு ஒரு குஞ்சு இறந்துகிடக்கக் கண்டாள். "தாத்தா, இது கொலைகாரச் செடி, இதனைத் தெருவில் எறிந்துவிடுகிறேன்" என்றாள். "சற்றுப் பொறு, அம்மா" என்றேன்.

அச்செடியின் பெயர் யூட்ரிகுலேரியா. நம் குளங்களில் மஞ்சள் நிறப் பூக்களை நீருக்குமேல் தாங்கி மிதப்பது அது. அதற்கு வேர் இல்லை. தழைச்சத்துக் குறைந்த நீரில் வாழ்வதால், சிற்றுயிர்களை உண்டு அக்குறையை நிரப்பிக்கொள்கின்றது. அதன் பைகள் சில மில்லிமீட்டர் அளவின. பை தன்னுள் இருக்கும் நீரை வெளியேற்றிவிட்டு, ஒட்டிய வயிறுபோல் காத்திருக்கும். வாயிலிலுள்ள மயிரை ஓர் உயிர் தீண்டியதும் கதவு உட்புறமாகத் திறக்கும். ஒரு நொடியை 1000 கூறாக்கின், ஓரிரு கூறுகளுக்குள் நீரும் உயிரும் ஒருங்கே ஈர்க்கப்படும்.

பூச்சியுண்ணும் செடிகளைப்பற்றி 1875ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட பேரறிஞர் டார்வின், சிற்றுயிர்கள் தாமே கதவைத் தள்ளிக்கொண்டு புகுகின்றன எனக் கருதினார். அக்காலத்தே அமெரிக்கப் பெண்மணி மேரி டிரீட் என்பார், உருப்பெருக்கியின்வழி நெடிது நோக்கி, செடியே இரையை உள்ளிழுக்கின்றது எனக் கண்டுரைத்தார். பேரறிஞர் கருத்தையும் பொறுமையுடைய கண் திருத்திற்று.

அத்தகைய பொறுமையுடன் நோக்கின், இங்குப் பழி யாருடையது என்பது புலனாகும். குளம் பரந்தது, ஆங்குக் குஞ்சுக்கு ஒதுங்க இடமுண்டு, செடிக்கு நீர்த்தெள்ளும் கொசுப்புழுவும் உண்டு. தொட்டியோ இரண்டு சாண் அகலமே உடையது. பசித்த செடியையும் பிறந்த குஞ்சையும் அதனுள் ஒருங்கே அடைத்தவர் யாவர்? நாமே அல்லமோ? செடி தன் இயல்பின்வழி நின்றது. நாம் அறியாமையின்வழி நின்றோம். செடியைத் தெருவில் எறிவதனால் நம் பிழை தீர்ந்துவிடுமோ?

இன்று அச்செடி தனிக் குடுவையில் வாழ்கின்றது. மீன்குஞ்சுகள் அச்சமின்றித் திரிகின்றன. கொசுப்புழு பையில் அகப்படும் விந்தையை என் பேர்த்தி நாள்தோறும் கண்டு வியக்கின்றாள்.

மாணவர்களே! ஓர் உயிரை வீட்டில் வளர்க்க விழைவோர், அதன் அழகை அறிதல் மட்டும் போதாது. அதன் பசியையும் அறிதல் வேண்டும்.